அறுந்ததா, அப்போதுதான் வந்ததா?

ஒப்போசம் என்னும் சிறிய பாலூட்டியின் குட்டி, பிறந்த அன்று ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். எடை சுமார் 100 மில்லிகிராம். தோல் அவ்வளவு மெல்லியது என்பதால், குடித்த பால் வயிற்றுக்குள் வெள்ளையாகத் தேங்கியிருப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். கண்கள் மூடியிருக்கும். முன்னங்கால்கள் மட்டும் ஓரளவு தேறியிருக்கும். அவற்றால் பற்றிப் பற்றித் தாயின் வயிற்றில் ஏறி, ஒரு காம்பைக் கவ்விக்கொண்டால் பிறகு நாள்கணக்கில் விடாது. பின்னங்கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சிறிய மொட்டுகள்.

என் ஆராய்ச்சிக் காலத்தின் பெரும்பகுதி இந்தக் குட்டியின் தண்டுவடத்தோடு கழிந்தது. என்ன வேலை என்று கேட்பவர்களிடம், "வளரும் பருவத்தில் அடிபட்ட நரம்புகள் மீண்டும் வளர்கின்றனவா என்று பார்க்கிறேன்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவேன். அந்த வரியில் 'மீண்டும்' என்ற ஒரு சொல் இருக்கிறது. அதைச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. இந்தக் கட்டுரை அந்தச் சொல்லைப் பற்றியது.

அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். கையில் ஆழமாக வெட்டுப்பட்டு நரம்பு அறுந்துபோனால், அறுந்த முனைகளை மருத்துவர் சேர்த்துத் தைப்பார். நரம்பிழைகள் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் வளர்ந்து, பல மாதங்களில் விரல்நுனியை எட்டிவிடக்கூடும். உணர்ச்சி ஓரளவு திரும்பும். ஆனால் தண்டுவடத்துக்குள் அறுந்த இழைகள் அப்படி வளர்வதில்லை. மேலிருந்து வரும் கட்டளை அடிபட்ட இடத்தோடு நின்றுவிடுகிறது. கீழிருந்து வரும் உணர்ச்சியும் அங்கேயே நின்றுவிடுகிறது. உடல் ஒன்று, நரம்பணுக்களும் ஒரே குடும்பம். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

ஸ்பெயினைச் சேர்ந்த சாண்டியாகோ ரமோன் இ கஹால் நூறாண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர். வளரும் நரம்பிழையின் நுனியில் இருக்கும் வளர்கூம்பை 1890இல் விவரித்தவர் அவரே. அறுந்த தண்டுவடத்திலும் இழைகள் வளர முயல்வதையும், சிறிது தூரம் போய்ச் சோர்ந்து நின்றுவிடுவதையும் அவர் பார்த்தார். வளர முடியாமையா, வளர விடாமையா என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிட்டது. 1980இல் மாண்ட்ரியலில் ஆல்பர்ட் அகுவாயோவின் குழு அதற்கு ஒரு பெரிய விடை கொடுத்தது. எலியின் காலிலிருந்து எடுத்த நரம்புத் துண்டு ஒன்றைத் தண்டுவடத்துக்குள் ஒட்டவைத்தபோது, வளரவே வளராது என்று கைவிடப்பட்ட அதே மைய நரம்பிழைகள் அந்தத் துண்டுக்குள் நுழைந்து வளர்ந்தன. மறுமுனையில் மீண்டும் தண்டுவடத்தைத் தொட்டதும் நின்றுவிட்டன. அப்படியென்றால் விதையை மட்டும் குறை சொல்ல முடியாது. மண்ணிலும் கோளாறு இருக்கிறது.

அந்த மண் எப்போது கெட்டுப்போகிறது? ஒப்போசம் குட்டி இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது.

ஜான் நிக்கல்ஸ் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் இரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சியை வைத்து ஆராய்ச்சி செய்தவர். அட்டையின் நரம்புமுடிச்சு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 400 நரம்பணுக்கள் மட்டுமே. இணைப்பை அறுத்துவிட்டால், ஒரு குறிப்பிட்ட நரம்பணு தன் பழைய கூட்டாளியையே தேடிப் போய் இணைந்துகொள்ளும். அட்டையால் முடிவது பாலூட்டியால் ஏன் முடியவில்லை என்ற கேள்வி அவரை விடவில்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பயோசென்ட்ரம் என்ற ஆய்வு நிறுவனத்தில் இருந்தபோது அவரும், நார்மன் சாண்டர்ஸ் உள்ளிட்ட மற்றவர்களும் தேர்ந்தெடுத்த விலங்குதான் பிரேசில் போன்ற தென்னமெரிக்க நாடுகளில் வாழும் சாம்பல் நிறக் குட்டைவால் ஒப்போசம். இதன் கர்ப்பகாலம் சுமார் 14 நாட்கள் மட்டுமே. கங்காருவின் உறவுதான் என்றாலும் இதற்கு வயிற்றுப்பை கிடையாது; குட்டிகள் காம்பில் தொங்கியபடி வெளியே தெரியும். பிறந்த அன்று இதன் தண்டுவடம், தாய் வயிற்றுக்குள் இருக்கும் 14 நாள் எலிக்கருவின் தண்டுவடத்துக்குச் சமம். மற்ற பாலூட்டிகளில் கருப்பைக்குள் மறைவாக நடந்து முடிந்துவிடும் காரியம், இங்கே நம் கண்ணெதிரே நடக்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. குட்டிக்கு முழு மயக்கம் கொடுத்து, மூளையையும் தண்டுவடத்தையும் சேர்த்து ஒரே துண்டாக வெளியே எடுத்துவிடலாம். அவ்வளவு சிறியது என்பதால் இரத்த ஓட்டம் இல்லாமலேயே, ஆக்சிஜன் செலுத்தப்படும் திரவத்தில் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். 1990இல் நிக்கல்ஸ் குழுவினர் இதைச் செய்து காட்டினார்கள். நான் முதன்முதலாகப் பார்த்தபோது என்னை உலுக்கியது வேறொன்று. உடல் இல்லை, நுரையீரல் இல்லை. ஆனால் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்பு வேரில் மின்முனையை வைத்தால், மூச்சு விடுவதற்கான கட்டளை சீரான இடைவெளியில் வந்துகொண்டே இருக்கும். ஒலிபெருக்கியில் அது கரகரவென்று கேட்கும், அடங்கும், மறுபடியும் கேட்கும். பல இரவுகள் அந்த ஒலியோடு தனியாக உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் குட்டிகளுக்கு நான் பட்ட கடன் பெரியது. சரியாகத் திட்டமிடாத ஒரு சோதனை என்றால், ஓர் உயிரை வீணாக்கியது என்று பொருள். அந்த எண்ணம் என்னை விட்டு அகன்றதே இல்லை.

என் முதல் வெற்றியைச் சொல்கிறேன். நான்கு நாள் குட்டியின் தண்டுவடத்தைத் தட்டில் பொருத்தி, கழுத்துக்குச் சற்றுக் கீழே, நுண்ணோக்கியில் பார்த்தபடி மெல்லிய இடுக்கியால் நசுக்கினேன். நசுக்கிய இடம் மட்டும் ஒரு கோடு போலத் தெளிந்துபோகும். அந்தக் கோட்டில் ஓர் இழைகூடத் தப்பவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மேலே தூண்டினால் கீழே எந்தச் சைகையும் வரவில்லை. ஐந்தாம் நாள் மேலே ஒரு சாயத்துகளை ஒட்டினேன். டைஐ என்று ஆய்வகத்தில் சொல்வோம். மணலில் ஒரு துணுக்கு அளவுதான் இருக்கும். அது இழையின் சவ்வில் கரைந்து, அதன் நீளம் முழுவதும் மெல்ல மெல்லப் பரவும். விளக்கை அணைத்துவிட்டு, நுண்ணோக்கியின் பச்சை ஒளியில் பார்த்தேன். கருமைக்கு நடுவே ஆரஞ்சு நிற இழைகள். நசுக்கிய இடம் வரை கற்றையாக வந்து, அங்கே சற்றுக் கலைந்து, அதைத் தாண்டி மறுபுறம் தனித்தனியாகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றின் நுனியில் வளர்கூம்பு, விரித்த உள்ளங்கை போல.

ஒப்போசத்தில் அடிபட்ட இடத்தைத் தாண்டி இழைகள் வளர்வதையும், நின்றுபோன சைகை சில நாட்களில் மீண்டும் கடப்பதையும் 1992இலேயே நிக்கல்ஸ் குழு வெளியிட்டிருந்தது. நான் எதையும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. ஆனாலும் கண்ணால் பார்ப்பது வேறு. படத்தை எடுத்துக்கொண்டு வழிகாட்டியிடம் ஓடினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். "அழகாக இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்லு. இது நீ அறுத்த இழையா, இல்லை, நீ அறுக்கும்போது மேலே எங்கோ வந்துகொண்டிருந்த இழையா?"

"நசுக்கிய இடத்தைத் தாண்டியிருக்கிறதே, மேடம்" என்றேன்.

"தாண்டியிருக்கிறது. எங்கிருந்து புறப்பட்டது என்று கேட்கிறேன்."

எனக்குப் பதில் தெரியவில்லை. நான்கு நாள் குட்டியின் தண்டுவடம் பாதி போட்ட சாலை. மூளையிலிருந்து இறங்கும் இழைகளில் சில ஏற்கெனவே கீழே போய்விட்டன. பல இன்னும் வழியில் இருக்கின்றன. இன்னும் புறப்படாதவையும் உண்டு. நான் நசுக்கியபோது அறுந்தவை முன்னே போனவை மட்டுமே. பின்னால் வருபவை ஒன்றும் அறியாமல் வந்து, நசுங்கிய இடத்தில் வழி இருந்தால் கடந்துபோகும். அது வளர்ச்சி. மறுவளர்ச்சி என்று சொல்ல வேண்டுமானால், அறுந்த அதே இழை மீண்டும் நுனி கட்டிப் போயிருக்க வேண்டும். என் படத்தில் இரண்டும் ஒரே ஆரஞ்சு நிறத்தில் இருந்தன.

இது வெறும் சொல்விளையாட்டு என்று நினைப்பவர்களிடம் நான் கடுமையாகவே மறுத்துப் பேசுவேன். தண்டுவடம் அறுபட்ட வயதுவந்த மனிதருக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கும் புது இழைகள் எவையும் இல்லை. அவருடைய இழைகள் எல்லாம் என்றோ போய்ச் சேர்ந்தவை. குட்டியில் நடப்பது புதிய வளர்ச்சி மட்டுமே என்றால், அடிபட்ட இடம் இளமையில் கடக்கத்தக்கதாக இருக்கிறது என்ற பாதிப் பாடமே நமக்குக் கிடைக்கும். அறுந்தவை மீண்டும் வளர்கின்றன என்றால் பாடமே வேறு.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பிறந்த எலிக்குட்டிக்குத் தண்டுவடத்தில் காயம் ஏற்பட்டால், வயதுவந்த எலியைவிட நன்றாகத் தேறும் என்பது 1970களிலிருந்தே கவனிக்கப்பட்டது. மூளையின் வெளியடுக்கான புறணியிலிருந்து இறங்கும் பாதை, எலி பிறக்கும்போது கழுத்துப் பகுதி வரைதான் வந்திருக்கும். மார்புப் பகுதியில் வெட்டினால் அந்தப் பாதை அறுபடவே இல்லை. பிறகு வந்து, காயத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. ஆனால் முன்பே கீழே இறங்கிவிட்ட வேறொரு பாதையை அதே வயதில் அறுத்தால், அதன் நரம்பணுக்களில் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. இளமை என்பது எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்ற எண்ணம் இங்கே நொறுங்குகிறது. அறுபட்ட இளம் நரம்பணு, முதிர்ந்த நரம்பணுவைவிட எளிதில் சாகக்கூடியது.

ஆக, எனக்கு இரண்டு நிறங்கள் தேவைப்பட்டன. முறை புதியதல்ல, ஒப்போசத்தை வைத்து இரண்டு மூன்று ஆய்வகங்கள் செய்திருந்தன. கேட்பதற்கு எளிமையாக இருக்கும். முதலில் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு நிறச் சாயம். ஏற்கெனவே அங்கே வந்து சேர்ந்திருக்கும் இழைகள் அதை உறிஞ்சி, மூளைத்தண்டில் இருக்கும் தங்கள் செல் உடலுக்குக் கொண்டுபோகும். பிறகு அதற்கு மேலே அறுப்பது. சில வாரங்கள் கழித்து, அறுத்த இடத்துக்குக் கீழே வேறு நிறச் சாயம். கடைசியில் மூளைத்தண்டைச் சீவிப் பார்த்தால், முதல் நிறம் மட்டும் உள்ள செல் அறுந்தது, திரும்பவில்லை. இரண்டாம் நிறம் மட்டும் உள்ளது புதிதாக வந்தது. இரண்டும் உள்ளது அறுந்து, உயிர் பிழைத்து, மீண்டும் போனது.

இதைத் தட்டில் செய்ய முடியாது. வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குட்டி காம்பை விட்டுவிட்டால் மறுபடியும் கவ்வுவது கடினம் என்பதால், தாய்க்கும் மயக்கம் கொடுத்து, குட்டி காம்பில் தொங்கும்போதே அறுவை செய்ய வேண்டும். நுண்ணோக்கியின் கீழே தாயின் மூச்சோடு சேர்ந்து குட்டியும் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்குக் கையைப் பழக்கவே எனக்கு ஒரு பருவம் போயிற்று.

முதல் சுற்றில் இருநிற செல்கள் ஏராளமாகக் கிடைத்தன. நம்ப முடியாத அளவுக்கு ஏராளம். ஒரு வாரம் மிதந்துகொண்டிருந்தேன். பிறகுதான் ஒரு சந்தேகம் எட்டிப்பார்த்தது. முதலில் வைத்த சாயம் திசுவில் தேங்கி நின்று, அறுத்த பிறகு புதிதாக வந்த இழைகளும் அதை உறிஞ்சியிருந்தால்? அப்படியென்றால் புதியவையும் இருநிறமாகத் தெரியும். சோதித்தேன். முதல் சாயத்தை வைத்த இடத்தில் பல நாட்களுக்குப் பிறகும் சாயம் மிஞ்சியிருந்தது. என் 'மறுவளர்ச்சி'யில் பெரும்பங்கு சாயக் கசிவு. அன்று ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு வீடு வரை நடந்தே போனேன். பஸ்ஸில் ஏறி யாருக்கும் பக்கத்தில் உட்காரும் மனநிலை இல்லை.

திசுவில் தேங்காத வகைச் சாயத்துக்கு மாறினோம், அளவைக் குறைத்தோம், சாயம் தீரும் வரை காத்திருந்து அறுத்தோம், அறுத்தவுடன் சாயம் வைத்த குட்டிகளையும் ஒப்பீட்டுக்குச் சேர்த்தோம். இரண்டாம் சுற்று மூளைத்தண்டுச் சீவல்களைப் பார்க்க உட்கார்ந்தபோது முதல் நாள் முழுவதும் ஒன்றுமில்லை. பச்சை செல்கள் தனியாக, சிவப்பு செல்கள் தனியாக. சிவப்பே அதிகம், புதிதாக வந்தவை. மறுநாள் பிற்பகல், ஒரு சீவலின் நடுக்கோட்டுக்குச் சற்று இடப்புறம், ஒரு பெரிய செல். பச்சை வடிகட்டியில் இருந்தது. சிவப்பு வடிகட்டிக்கு மாற்றினேன், அங்கேயும் இருந்தது. அதே வடிவம், அதே மூலையில் அதே கிளை. வடிகட்டியை முன்னும் பின்னும் எத்தனை முறை நகர்த்தினேன் என்று நினைவில்லை. வழிகாட்டியைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் தோளில் கை வைத்தார்.

முன்பு செய்தவர்கள் சொன்னதும் அதுதான். ஒப்போசம் குட்டியின் தண்டுவடத்தில் இரண்டும் நடக்கிறது: புதிய இழைகளும் கடக்கின்றன, அறுந்தவற்றில் ஒரு பகுதியும் மீண்டு கடக்கிறது.

நடையும் இதே போல ஏமாற்றக்கூடியது. பிறந்த முதல் வாரத்தில் தண்டுவடம் முழுமையாக அறுக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்து நடக்கவும் நீந்தவும் செய்ததை 1998இல் சாண்டர்ஸ் குழு காட்டியது. படித்தால் மயிர்க்கூச்செறியும். ஆனால் 28 நாள் வயதில் அறுக்கப்பட்டு, ஓர் இழைகூடக் கடக்காத விலங்குகளும் பின்னங்கால்களில் எடையைத் தாங்கி அடியெடுத்து வைக்கக் கற்றுக்கொண்டதைப் பின்னாளில் அதே குழுவே வெளியிட்டது. காலை மாற்றி மாற்றி வைக்கும் தாளம் தண்டுவடத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதை கிரஹாம் பிரவுன் 1911இலேயே காட்டியிருக்கிறார். விலங்கு நடக்கிறது என்பதால் இணைப்பு மீண்டுவிட்டது என்று ஆகிவிடாது. தங்கள் பழைய முடிவுக்கே இடறலாக வரக்கூடிய ஒன்றை வெளியிட்ட அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இளமையின் இந்த வாசல் மூடிக்கொள்ளும் வேகம் திகைக்க வைக்கிறது. ஒப்போசத்தின் கழுத்துப் பகுதியில் 9 நாள் வரை இழைகள் காயத்தைக் கடக்கின்றன. 12 நாளில் கடப்பதில்லை. பின்தங்கி வளரும் இடுப்புப் பகுதி இன்னும் சில நாட்கள் தாக்குப்பிடிக்கிறது. ஒரே விலங்கு, ஒரே தண்டுவடம். மேலே கதவு சாத்தியாயிற்று, கீழே திறந்திருக்கிறது. அந்த மூன்று நாட்களில் என்ன மாறுகிறது? இழைகளைச் சுற்றி மையலின் என்னும் கொழுப்பு உறை தோன்றத் தொடங்குகிறது. மார்ட்டின் ஷ்வாப் குழு, மையலினில் நரம்பு வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் இருப்பதை 1988இல் காட்டியது. அவற்றை மறைக்கும் ஆன்டிபாடியைக் கொடுத்தபோது, ஒப்போசத்தில் வாசல் இன்னும் சற்றுக் காலம் திறந்திருந்தது. 2000இல் அந்தத் தடைப் புரதத்தின் மரபணு அடையாளம் காணப்பட்டு, நோகோ என்று பெயர் பெற்றது. இதோ கிடைத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். 2003இல் அந்த மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை மூன்று ஆய்வகங்கள் தனித்தனியே ஆராய்ந்தன. முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

காரணம், மண் மட்டுமல்லாமல் விதையும் மாறுகிறது. பிறந்து மூன்று, நான்கு நாட்களில் எலியின் சில நரம்பணுக்களுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சைகை மூலக்கூறின் அளவு சரிகிறது. அதுவரை வளரத் தூண்டிய அதே மையலின் புரதம், அதன் பிறகு தடையாகிவிடுகிறது. வளர்ச்சிக்குக் கடிவாளமாக இருக்கும் பிடென் என்ற மரபணுவை நீக்கினால், வயதுவந்த சுண்டெலியிலும் புறணியிலிருந்து இறங்கும் இழைகள் காயத்தைத் தாண்டுவதை 2010இல் காட்டினார்கள்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது 2020இல் ஷிகாங் ஹேயின் ஆய்வகத்திலிருந்து வந்த வேலை. பிறந்து 2 நாளான சுண்டெலியின் தண்டுவடக் காயம் தழும்பே இல்லாமல் ஆறுகிறது. அப்படி ஆறவைப்பவை மைக்ரோகிளியா என்னும் காவல் செல்கள். அவற்றை அகற்றிவிட்டால் ஆறுதல் கெட்டுவிடுகிறது. இளம் மைக்ரோகிளியாவை வயதுவந்த சுண்டெலியின் காயத்தில் வைத்தபோது, அங்கேயும் ஆறுதல் மேம்பட்டது. கூடுதல் இழைகள் வளர்ந்தன. முழுமையாக இல்லை. ஆனால் இளமையிலிருந்து எதையோ எடுத்து முதுமைக்குக் கொடுக்க முடிகிறது.

ஒருமுறை பொதுமக்களுக்கான கூட்டம் ஒன்றில் இதையெல்லாம் பேசினேன். முடிந்ததும் சக்கர நாற்காலியில் ஒருவர் முன்னால் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். மார்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்றார். விழுந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. இருநிற செல்லின் படத்தை மறுபடியும் காட்ட முடியுமா என்று கேட்டார். கணினியைத் திறந்து காட்டினேன்.

"இது அறுந்து திரும்பிப் போனதா?"

"ஆமாம் ஐயா. இது திரும்பிப் போனதுதான்."

"இப்படி எத்தனை?"

"குறைவு. மற்றவை பெரும்பாலும் புதிதாக வந்தவை. உங்களுக்கு அப்படிப் புதிதாக வருவதற்கு எதுவும் இல்லை. அதனால் நான் கணக்கில் எடுப்பது இதை மட்டும்தான்."

அவர் முகம் வாடிவிடுமோ என்று அஞ்சினேன். அவர் திரையை நோக்கிச் சற்றுக் குனிந்து, பச்சையிலிருந்து சிவப்புக்கு நானே ஒருமுறை மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டினேன். அழுத்தினார். செல் அங்கேயே இருந்தது. மறுபடியும் அழுத்தினார்.